மெலனின் தெரிந்த மனிதர்

ஒசூரில் கம்பெனிப் பேருந்துகள் நின்று போகும் இடங்களில் ஒரு புதிய வகை மனிதர் பெருகி வருகிறார். அவருக்கு நிறம் ஒரு பொருட்டல்ல. அதை அவரே சொல்லிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

"கலர்ல என்ன சார் இருக்குது? எல்லாம் மெலனின்."

சொல்லிவிட்டு, பேருந்து ஏறி எல்லையில் அத்திப்பள்ளி வரும்வரை நிறத்தைப் பற்றியே பேசுவார்.

இவருக்கு முந்தைய தலைமுறைக்காரர் எளிமையானவர். பெண் பார்த்துவிட்டு வந்தால் மாநிறம் என்பார். கோதுமை நிறம் என்பார். மனம் ஒப்பாவிட்டால் களையான முகம் என்று சொல்லி முடித்துக்கொள்வார். கேட்டவர்களுக்கும் புரிந்துவிடும். அதில் பாசாங்கு இருந்தது, விஞ்ஞானம் இல்லை. புதியவரிடம் இரண்டும் இருக்கின்றன.

அவரைக் குறைத்து எடைபோட வேண்டாம். தோலின் அடியடுக்கில் மெலனோசைட் என்று சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதும், அவை டைரோசின் என்கிற அமினோ அமிலத்தை ஒரு நொதியின் உதவியோடு படிப்படியாக மாற்றி மெலனின் ஆக்குகின்றன என்பதும், அதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி அக்கம்பக்கத்துச் செல்களுக்கு விநியோகம் செய்கின்றன என்பதும், அந்தப் பொட்டலங்கள் ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கு மேல் குடைபோலக் கவிந்து வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொள்கின்றன என்பதும், கறுப்பும் பழுப்பும் யூமெலனின், சிவப்பும் மஞ்சளும் ஃபியோமெலனின் என்பதும், உலகத்தில் யாருடைய தோலை எடுத்தாலும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், பொட்டலங்களின் அளவும் அடுக்கும்தான் வேறு என்பதும் அவருக்கு மனப்பாடம். எல்லாமே சரியான தகவல்கள். ஒரு பிழை காட்ட முடியாது. இவ்வளவையும் ஒப்பித்து முடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொல்வார்:

"ஆனா நம்ம வீட்டுக்கு வர்றது கொஞ்சம் வெளுப்பா இருந்தா நல்லாருக்கும்."

இந்த வகை மனிதரிடம் அறிவு ஒரு விருந்தாளி. உட்கார வைத்துக் காபி கொடுப்பார். வீட்டு விஷயத்தில் வாய் திறக்க விடமாட்டார்.

குருமூர்த்தியை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இரண்டு சக்கர வண்டிகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில், பெயிண்ட் ஷாப்பில், நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் தர ஆய்வாளர். இருபத்தாறு வருட அனுபவம். அவரிடம் கைக்கு அடக்கமான ஒரு மீட்டர் உண்டு. பெயிண்ட் காய்ந்த டேங்கின் மேல் வைத்து அழுத்தினால், மாதிரித் தகட்டின் நிறத்திலிருந்து இது எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஓர் எண்ணைக் காட்டும். ஷாப்பில் அந்த எண்ணுக்கு டெல்டா என்று பெயர். ஒன்றுக்குள் இருந்தால் பாஸ். தாண்டினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி பெயிண்ட் அடிக்க ரீவொர்க். மூன்று இடத்தில் வைத்து மூன்று முறை அளந்து சராசரியை எழுத வேண்டும் என்பது விதி. குருமூர்த்தி விதி மீறியதில்லை.

இருபத்தாறு வருடம் தகடுகளைப் பார்த்த கண் மனிதர்களையும் தகடாகப் பார்ப்பதில் வியப்பில்லை. கேன்டீன் வரிசையில் முன்னால் நிற்பவரின் கழுத்தைப் பார்த்து, "வெயில் படற இடத்துக்கும் படாத இடத்துக்கும் உங்களுக்கு டெல்டா எட்டு வரும் சார்" என்பார். முன்னால் நின்றவர் சாம்பார் வாளியிலிருந்து கரண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்ப்பார். அது பாராட்டா, வசையா, மருத்துவ ஆலோசனையா என்று தெரியாமல் சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

சுடலைமுத்து மட்டும் சொன்னதில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதே ஷாப்பில் பெயிண்ட் கலப்பவர்.

"ஓய், அந்த மிஷினை எம்மேல வைக்காதியும். பெறவு எனக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரீவொர்க்குக்கு அனுப்பிருவீரு."

"மெலனினுக்கு ரீவொர்க் கிடையாது சுடலை."

"அப்பம் எதுக்குவே அளக்கியரு?"

இது நியாயமான கேள்வி. குருமூர்த்தி போன்றவர்கள் நியாயமான கேள்விகளுக்குப் பதிலாகக் கூடுதல் தகவல் தருவார்கள். தந்தார்.

ஒரு சனிக்கிழமை மீட்டரைச் சரிபார்க்க வெளியே கொண்டுபோவதாகச் சொல்லி, கேட்டில் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு எடுத்து வந்தார். முதலில் மனைவி சரோஜம்மாளின் கை. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, நான் என்ன பெட்ரோல் டேங்கா?"

"அசையாத."

"பாஸா, ஃபெயிலா?"

"இதெல்லாம் அப்படிப் பாக்கறது இல்ல. சும்மா ஒரு சயின்டிஃபிக் இன்ட்ரஸ்ட்."

"முப்பத்திரண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் வந்துச்சா இன்ட்ரஸ்ட்?"

அடுத்து மகன் ஹரீஷ்குமாரின் கை. அதன் அளவை மீட்டரில் மாதிரித் தகடாகப் பதிந்துவைத்தார். இனிமேல் இந்த வீட்டுக்கு வரவிருக்கும் பெண்கள் எல்லோரும் அந்தத் தகட்டோடு ஒப்பிடப்படுவார்கள். ஹரீஷ் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். முப்பத்தொரு வயது, எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை, தினமும் மாநில எல்லை தாண்டிப் போய்வருபவன். அப்பாவின் எதிரில் வாய் திறப்பது மட்டும் அவனுக்குத் தாண்ட முடியாத எல்லை.

அதற்குமுன் ஏழு வரன்கள் வந்து போயிருந்தன. ஒன்றில்கூட நிறம் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஒன்றில் செவ்வாய். ஒன்றில் வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது. ஒன்றில் பஸ் வசதி போதாது. ஒரு பெண்ணின் ஊரில், சானமாவு பக்கம், யானை வருகிறதாம். யானை வருவது உண்மைதான். பெண்தான் இங்கே வரப்போகிறாள், யானை அல்ல என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஏழு பேரின் புகைப்படங்களையும் குருமூர்த்தி கைபேசியில் பெரிதாக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தார். "ஃபில்டர் போட்டிருக்காங்க. கரெக்ஷன் குடுத்துத்தான் பாக்கணும்." கரெக்ஷன் கொடுத்த பிறகுதான் செவ்வாய் தெரிந்தது.

எட்டாவது பிரவீனா. சாமல்பட்டிக்காரி, பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்பியல் வார்டில் நர்ஸ், ஒசூரில் விடுதியில் தங்கி வேலைக்குப் போய்வருபவள். தரகர் மூலம் வந்த வரன்தான். ஆனால் ஜாதகம் கைமாறிய மூன்று மாதத்தில் ஹரீஷும் பிரவீனாவும் தினமும் தொலைபேசியில் பேச ஆரம்பித்திருந்தார்கள். ராமநாயக்கன் ஏரிக்கரையில் இருமுறை சந்தித்து, வறுத்த கடலை தின்று, கரையோரத் தெருவில் வாடகைக்கு ஒரு வீட்டைப் பார்த்துவைப்பதுவரை போயிருந்தார்கள்.

"இவளைத் தவிர வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்மா" என்று ஹரீஷ் உறுதியாகச் சொன்னான். அம்மாவிடம் சொன்னான்.

பெண் பார்க்கப் போன நாளில் குருமூர்த்தியின் பையில் பூ, பழம், மீட்டர்.

பிரவீனாவின் அப்பா திம்மராயன் மாந்தோப்பும் நிலக்கடலையும் பார்க்கிறவர். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. குருமூர்த்தி டைரோசினில் ஆரம்பித்துப் பொட்டலங்கள்வரை வந்தார். திம்மராயன் மரியாதையாகத் தலையாட்டினார். மாம்பழமும் அப்படித்தான், வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் ஒரு நிறம் என்று தன் பங்குக்குச் சொன்னார். குருமூர்த்தி அதை ஏற்கவில்லை. அது வேறு நிறமி.

பிறகு பையைத் திறந்தார். கருவியைப் பார்த்ததும் திம்மராயனுக்கு முகம் மலர்ந்தது.

"சுகர் டெஸ்டுங்களா? எனக்கும் ஒருக்கா பாத்துருங்க. போன வாரம் இருநூத்திப் பத்து."

"இது சுகர் இல்லீங்க. கலர். பாப்பா, கை குடும்மா. உள்பக்கம். வெயில் படாத இடந்தான் ஒரிஜினல்."

திம்மராயன் தட்டை வைத்தார். சரோஜம்மாள் தட்டை எடுத்தார். ஹரீஷ் கைபேசியை எடுத்தான்.

பிரவீனா கையை நீட்டினாள். தினமும் நாற்பது பேரின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறவள். அவள் கை நடுங்கவில்லை.

முதல் அளவு நான்கு. இரண்டாவது பதினொன்று. குருமூர்த்தி லென்ஸைக் கைக்குட்டையால் துடைத்தார். மூன்றாவது ஆறு.

"ஒண்ணுக்கொண்ணு சேர மாட்டேங்குதே. சார்ஜ் கம்மி போல."

"மிஷின்ல தப்பில்ல அங்கிள்" என்றாள் பிரவீனா. "தோலை அழுத்துனா ரத்தம் விலகிக் கலர் மாறும். நீங்க ஒருக்கா அழுத்தறீங்க, ஒருக்கா தூக்கறீங்க. உங்க கை ஆடுது."

"வயசும்மா."

"வயசு மட்டும் இல்லீங்க. நீங்க வந்து உக்காந்ததுல இருந்து பாக்கறேன். கை மடியில சும்மா கெடக்கறப்பவும் கட்டைவெரலும் பக்கத்து வெரலும் மாத்திரை உருட்டற மாதிரி ஓடிட்டே இருக்குது. கேட்ல இருந்து நடந்து வர்றப்ப இடது கை மட்டுந்தான் வீசுச்சு. எழுத்து சின்னதா போயிடுச்சா?"

பதில் சரோஜம்மாளிடமிருந்து வந்தது.

"ஆமாம்மா. மளிகை லிஸ்டு எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. கடைக்காரன் ஜீரகத்துக்கு சோம்பு குடுத்துட்டான்."

"நான் சொல்றது முடிவு இல்லீங்க. ஒரு நியூரோ டாக்டர்கிட்ட காமிச்சிருங்க. தள்ளிப் போடாதீங்க."

திம்மராயன் மகளிடம் தாழ்ந்த குரலில் கன்னடத்தில் "சும்னிரு" என்றார். அவள் சும்மா இருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

திரும்பும் காரில் குருமூர்த்தி தீர்ப்பு வழங்கினார். பெண்ணுக்கு வாய் அதிகம். சராசரி ஏழு. இரண்டும் தனித்தனிக் குறைகளாகவே பதிவாயின. ஹரீஷ் முன் இருக்கையில் இருந்தான். கிருஷ்ணகிரி தாண்டியது, சூளகிரியும் வந்துவிட்டது. அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் சாமல்பட்டிக்குத் தொலைபேசி போனது. ஜாதகத்தில் ஒரு சின்ன இடைஞ்சல் என்று.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். கெடுத்தது பெட்ரோல் டேங்குகள்.

அடுத்த மாதத்தில் ஒரே ஷிஃப்டில் நாற்பத்திரண்டு டேங்குகளுக்குக் குருமூர்த்தி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். பெயிண்ட் கலந்தவர் என்பதால் சுடலைமுத்துவைக் கூப்பிட்டு மேனேஜர் நிற்க வைத்துக் கேட்டார். சுடலைமுத்து மீட்டரை வாங்கி, ஒவ்வொரு டேங்கிலும் மூன்று முறை வைத்துக் காட்டினார். நாற்பத்திரண்டும் பாஸ்.

வெளியே வந்ததும் குருமூர்த்தியின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய், நான் பிடிச்சா பாஸு, நீரு பிடிச்சா ஃபெயிலு. கோளாறு டேங்குலயும் இல்ல, பெயிண்டுலயும் இல்ல. இப்பமாவது போயி ஒரு டாக்டரைப் பாரும்வே. நாளைக்கே போகணும்."

மனிதரைத் தவறாக அளந்தால் யாரும் கேட்பதில்லை. டேங்கைத் தவறாக அளந்தால் மேனேஜர் வருகிறார். குருமூர்த்தி சரோஜம்மாளோடு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் என்றார். ஆரம்ப நிலைதான், மாத்திரையும் உடற்பயிற்சியும் இருந்தால் நெடுநாள் நன்றாக ஓட்டலாம் என்றார். பிறகு, படித்தவராகத் தெரிகிறார் என்று நினைத்து விளக்கினார். அது அவர் செய்த தவறு.

"நடு மூளையில ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு பட்டை இருக்குது. அங்க இருக்கற செல்லுங்கதான் டோபமின் செய்யுது. நம்ம அசைவு சீரா இருக்கணும்னா டோபமின் வேணும். அந்த செல்லுக்குள்ள இருக்கற கறுப்புக்கு நியூரோமெலனின்னு பேரு. பொறக்கும்போது இருக்காது. வயசாக ஆகச் சேரும். உங்களுக்கு அந்த செல்லுங்க குறைஞ்சிட்டு வருது. கறுப்புப் பட்டை வெளுத்துட்டு வருதுன்னு வெச்சுக்கங்க."

குருமூர்த்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தன் நோயைவிடத் தனக்குத் தெரியாத ஒரு மெலனின் இருந்ததுதான் அவருக்கு அதிர்ச்சி.

"எல்லாருக்கும் உள்ள கறுப்புதானுங்களா?"

"எல்லாருக்கும்."

"வெள்ளைக்காரனுக்கு?"

"அவனுக்கும்."

"பொறவியிலயே மெலனின் இல்லாம, முடியெல்லாம் வெள்ளையா இருக்கறாங்களே?"

"அவங்களுக்கும் மூளையில இருக்குது. அது உண்டாகற வழியே வேற. தோலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

குருமூர்த்தி தன் முன்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தோல்ல இருக்கற ஸ்டாக்கை உள்ள டிரான்ஸ்ஃபர் பண்ண முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

"ஏத்தறதுக்கு ஏதாவது மருந்து?"

"எதை ஏத்தறதுக்கு?"

அந்தச் சொல்லைக் குருமூர்த்தி வாழ்நாளில் வேண்டிக் கேட்டதில்லை.

"கறுப்பை."

சரோஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து மருத்துவர் ஆறுதல் சொன்னார்.

அவர் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள். திருந்தத்தான் செய்தார். பேருந்து நிறுத்தத்தில் இப்போது புதிய பாடம். "உள்ள எல்லாரும் கறுப்பு சார். வெளிய பாத்து என்ன இருக்குது?" கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். இரண்டு நிமிடம் நெகிழவிட்டு அவர் தொடர்ந்தார்: "அதனால இப்ப, நம்ம வீட்டுக்கு வர்றது நியூரோ தெரிஞ்ச பொண்ணா இருந்தா நல்லாருக்கும்."

மாத்திரைக்கு நேரம் பார்க்க வேண்டும். பயிற்சி செய்யவைக்க வேண்டும். பின்னாளில் சட்டைப் பொத்தான் போட்டுவிட வேண்டியிருக்கலாம். வெளியே ஆள் வைத்தால் எவ்வளவு சிரமம். சாமல்பட்டிக்கு மறுபடி தொலைபேசி போனது. ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினோம், இடைஞ்சலே இல்லை என்கிறார். திம்மராயன், பெண்ணைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஹரீஷுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரவீனாவின் விடுதி வாசலில் போய் நின்றான். அவள் ட்யூட்டிக்குக் கிளம்பி வந்தாள். இருவரும் பாகலூர் ரோடு நிறுத்தம்வரை நடந்தார்கள்.

"அப்பா ஒத்துக்கிட்டாரு."

"எதுக்கு?"

"நம்ம கல்யாணத்துக்குத்தான். உம்மேல இப்ப அவ்ளோ மரியாதை. நீ சொல்லலேன்னா இன்னும் ரெண்டு வருசம் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டரே சொன்னாராம்."

"மாத்திரை எப்படி சாப்பிடறாரு? சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும். நேரம் தவறக் கூடாது."

"அதுதான், நீ வந்துட்டா கவலை இல்லன்னு..."

அவள் நின்றாள்.

"என் ட்யூட்டி எட்டு மணி நேரம், ஹரீஷ். வார்டுல."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"சரி. அன்னிக்கு எங்க வீட்ல உங்கப்பா என் கையைப் புடிச்சு மிஷினை வெச்சாரு. எங்கப்பா பாத்தாரு. எங்கம்மா கதவோரமா நின்னு பாத்தாங்க. நீ எங்க பாத்துட்டு இருந்தே?"

"ஆபீஸ்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு பிரவீ."

"மூணு தடவை வெச்சாரு. மூணு தடவையும் மெயிலா?"

ஹரீஷ் எதிரே இருந்த பெட்ரோல் பங்க்கைப் பார்த்தான். பேருந்து வந்தது.

"அவரு நோயாளி. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல" என்றாள் பிரவீனா. "உனக்கு ஒண்ணும் இல்லியே. நல்லாத்தானே இருந்தே?"

ஏறிக்கொண்டாள். சாமல்பட்டியிலிருந்து மறுநாள் பதில் வந்தது. வேண்டாமாம். ஜாதகம், வாசல், யானை என்று எதையும் சொல்லவில்லை. வெறும் வேண்டாம்.

ஏரிக்கரையில் பார்த்துவைத்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். ஹரீஷ் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டான். அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

குருமூர்த்திக்குத் தோல்வி என்பது விளக்கப்பட வேண்டிய ஒரு நிகழ்வு. கேன்டீனில் சுடலைமுத்துவிடம் விளக்கினார்.

"அந்தப் பொண்ணுக்குக் கலர்ல ஒரு காம்ப்ளெக்ஸ் சுடலை. அதான் வேணாம்னுட்டா."

"யாருக்குவே?" என்று கேட்டுவிட்டு, சுடலைமுத்து தட்டைக் கழுவப் போனார்.

இந்த வகை மனிதர் உங்கள் தெருவிலும் இருப்பார். அலுவலகத்தில் இருப்பார். திருமண வீட்டில் உங்களுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருப்பார். இவ்வளவு நேரம் அவர்களில் ஒருவரை நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நல்லது. ஆனால் ஒரு விஷயம். இதில் வரும் ஒருவரின் நிறத்தைக்கூட நான் எழுதவில்லை. சந்தேகமிருந்தால் திரும்பப் போய்ப் பாருங்கள். குருமூர்த்தி என்ன நிறம் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லை. ஹரீஷ் என்ன நிறம், சுடலைமுத்து என்ன நிறம் என்றும் கேட்கவில்லை. பிரவீனா கையை நீட்டுவதற்கு முன்பே அவளுக்கு மட்டும் ஒரு நிறம் கொடுத்துவிட்டீர்கள்.

அதை நான் கொடுக்கவில்லை.